எட்டாவது கேள்வி

அக்டோபர் 4

மலை மீட்புக் குழுத் தலைவர் அவர்களுக்கு,

உறையின் மேலிருக்கும் கையெழுத்தை அடையாளம் கண்டிருப்பீர்கள். பதினான்கு வருடம் கழித்து எழுதுகிறானே, மனம் மாறிவிட்டதோ என்று நினைக்க வேண்டாம். மாறவில்லை. இது உறவுக்காக எழுதும் கடிதம் அல்ல, வேலைக்காக எழுதுவது. குழுவுக்கு வேறு தலைவர் இருந்திருந்தால் அவருக்கு எழுதியிருப்பேன். இந்த வயதிலும் நாற்காலியை விடாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள், என்ன செய்வது.

குளிரில் விறைத்துப்போய் இந்த மருத்துவமனைக்கு வருபவர்களில் பாதிப் பேர் சாகிறார்கள். அவர்களில் பலர் சாக வேண்டியவர்கள் அல்ல. வழியில் செய்கிற தவறுகளால் சாகிறார்கள். டிசம்பர் பத்தாம் தேதி நிர்வாகக் குழு கூடுகிறது. எல்லா மீட்புக் குழுக்களுக்கும் சூடேற்றும் போர்வை, முப்பத்து நான்கு டிகிரிக்குக் கீழேயும் காட்டக்கூடிய தெர்மாமீட்டர், வழியிலுள்ள சின்ன ஆஸ்பத்திரிகளில் நிற்காமல் நேராக, ரத்தத்தை வெளியே எடுத்துச் சூடேற்றும் இதய நுரையீரல் இயந்திரம் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவர அனுமதி, இந்த மூன்றையும் கேட்கப்போகிறேன். பழைய சம்பவங்களின் விவரம் இல்லாமல் அவர்கள் எதையும் நம்பமாட்டார்கள். உங்கள் குடிலில் இருக்கும் நோட்டுப் புத்தகத்தில் இருபத்திரண்டு பேர் பதிவாகியிருப்பதாக அறிகிறேன். ஆளுக்கு ஒரு படிவம், பத்தொன்பது கேள்விகள். நேர்மையாக நிரப்பி அனுப்பவும்.

கூடவே புதிய அறிவுரைக் காகிதமும் இருக்கிறது. பதினாறு வருடத்துக்கு முன்னால் நான் வந்து வகுப்பெடுத்து, எழுதியும் கொடுத்த காகிதம் இனி செல்லாது. அதை எடுத்துவிட்டு இதை ஒட்டவும்.

ஒன்பதாம் எண் என் தம்பி. மழைமானி, பனிமானி பார்க்கப்போன இருபத்து நாலு வயதுப் பையன். சாயங்காலம் அவன் திரும்பவில்லை என்று தெரிந்தும், பனிச்சரிவு அபாயம் என்று சொல்லி விடியற்காலைவரை குடிலில் உட்கார்ந்திருந்தீர்கள். ஆறு நாற்பதுக்குப் பிணமாகக் கண்டெடுத்தீர்கள். அந்தப் படிவத்தில் நீங்கள் புறப்பட்ட நேரத்தை மறக்காமல் எழுதவும். நான் மறக்கவில்லை.

இப்படிக்கு,
மருத்துவர், அவசர சிகிச்சைப் பிரிவு


அக்டோபர் 17

மதிப்பிற்குரிய ஐஸ் டாக்டர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. உன் அக்கா அதை மூன்று தடவை படித்தாள். தன்னைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று தேடினாள். கடைசியில் காகிதத்தின் முதுகையும் திருப்பிப் பார்த்தாள். சொல்லிவைக்கிறேன், அவ்வளவுதான்.

படிவங்களை நானும் எங்கள் குழுவில் கயிறு கட்டி இறக்கும் கயிற்றுக்காரரும் உட்கார்ந்து ஒன்பது நாள் நிரப்பினோம். "தலைவரே, பத்தொம்பது கேள்வியில கல்யாணம் ஆச்சான்னு ஒண்ணு மட்டும்தான் விட்டுட்டாரு உங்க மச்சான்" என்றார் அவர். ஏழாவது கேள்வியில் எனக்கும் அவருக்கும் சண்டையே வந்துவிட்டது. 'கண்டபோது நினைவு இருந்ததா? எழுப்பி நிற்க, நடக்க வைத்தீர்களா?' நடக்க வைத்தோம் என்றால் நீ திட்டுவாய் என்று அவர் பயந்தார். இருக்கிறதை எழுதுவோம் என்று எழுதிவிட்டேன்.

ஒரு சந்தேகம். உன் பழைய காகிதம் இன்னும் எங்கள் குடிலின் கதவில்தான் இருக்கிறது. கிழியக்கூடாது என்று பிளாஸ்டிக் உறை போட்டு நாலு மூலையிலும் ஆணி அடித்திருக்கிறேன். அதில் மூன்றாவது வரி: 'நினைவு இருந்தால் எழுப்பி நடக்க வைக்கவும். நடந்தால் உடல் சூடேறும்.' கீழே உன் கையெழுத்து, தேதி. புதுக் காகிதத்திலும் மூன்றாவது வரிதான்: 'பேசினாலும், கெஞ்சினாலும், எழுப்பாதீர்கள். படுத்த நிலையிலேயே தூக்கி வாருங்கள்.' புதுசைப் பழசின் பக்கத்தில் பிடித்து மாற்றி மாற்றிப் படித்தேன் டாக்டர். நடுவில் பதினாறு வருஷம். அந்தப் பதினாறு வருஷத்தில் நாங்கள் நடக்க வைத்தவர்களுக்கு எந்த வரி பொருந்தும் என்று ஒரு காகிதம் அனுப்பினால் நல்லது.

முழங்கால் வலி. நாற்காலியை விடவில்லை.

இப்படிக்கு,
குழுத் தலைவர்


அக்டோபர் 29

குழுத் தலைவர் அவர்களுக்கு,

உங்கள் கையெழுத்தைப் படிப்பதற்கே எனக்கு ஒரு வாரம் ஆனது.

உங்கள் கேள்விக்குப் பதில்: மருத்துவம் மாறும். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், நானும் சொன்னேன். உடல் ரொம்பக் குளிர்ந்தவன் படுத்திருக்கும்போது அவனுடைய ரத்தம் நெஞ்சையும் தலையையும் மட்டும் சுற்றி எப்படியோ உயிரைப் பிடித்து வைத்திருக்கும். எழுந்து நின்றால் ரத்தம் காலுக்கு இறங்கும். நடந்தால் கை காலில் தேங்கிய குளிர்ந்த ரத்தம் இதயத்துக்குத் திரும்பும். அந்த நிலையில் இதயம் கண்ணாடி மாதிரி, ஒரு அசைவில் நின்றுவிடும். லேசாகக் குளிர் அடித்தவர்கள் நடந்தாலும் பிழைத்துவிடுவார்கள். அதனால்தான் தவறு இத்தனை காலம் யார் கண்ணிலும் படவில்லை. உங்கள் படிவங்களிலேயே ஆறு பேரை நடக்க வைத்திருக்கிறீர்கள். ஐந்து பேர் பிழைத்தார்கள். பதினேழாம் படிவத்திலிருக்கும் பள்ளி ஆசிரியை மட்டும் வண்டியை நெருங்கும்போது விழுந்து இறந்திருக்கிறார். ஒன்றை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது, தற்செயல் என்பார்கள். எனக்கு இன்னொன்று வேண்டும். இருந்தால் கூட்டத்தில் வாய் திறக்க முடியும்.

அடுத்து, எட்டாவது கேள்வி: 'ஆம் எனில், அவ்வாறு செய்ய அறிவுறுத்தியவர் யார்?' ஆறு படிவத்திலும் 'கதவில் ஒட்டிய காகிதம்' என்று எழுதியிருக்கிறீர்கள். காகிதம் ஆள் அல்ல. ஆளின் பெயர் எழுத வேண்டும். இது கூடவா தெரியாது?

கடைசியாக, இருபத்திரண்டில் இருபத்தொன்றுதான் முழுமையாக இருக்கிறது. ஒன்பதாம் படிவத்தில் புறப்பட்ட நேரத்தை எழுதியிருக்கிறீர்கள், கண்ட நேரத்தை எழுதியிருக்கிறீர்கள், அதற்குப் பிறகு ஏழும் எட்டும் வெறுமையாக இருக்கின்றன. பிணத்துக்கு நினைவு இருந்ததா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுத எவ்வளவு மை செலவாகும்? நிரப்பி அனுப்பவும்.

மருத்துவர்


நவம்பர் 6

டாக்டருக்கு,

பெயர் எழுத வேண்டுமா? உனக்கு உன் பெயர் மறந்துவிட்டதா?

ஒன்பதை விட்டுவிடு. இருபத்தொன்று போதும். இல்லையென்றால் இருபத்தொரு பேர்தான் என்று வைத்துக்கொள்.

இனி வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. குடிலுக்கு எழுது.

உன் அக்கா மகளின் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பினோம். உறையைக்கூடப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினாய். அந்த உறை இன்னும் பீரோவில் இருக்கிறது. நானும் கணக்குவழக்கு தெரிந்தவன்தான். எழுதாமல் இருக்கிறேன்.

குழுத் தலைவர்


நவம்பர் 12

குழுத் தலைவர் அவர்களுக்கு,

கல்யாணப் பத்திரிகையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். சரி, பேசிவிடுவோம். உங்கள் வீட்டுக் கூடத்தில், என் தம்பி தங்கியிருந்த அறைக்கு எதிரே, நீங்கள் மாலையும் கழுத்துமாக நின்று ஆட்களை வரவேற்பதைப் பார்க்க எனக்கு மனம் இல்லை. அவ்வளவுதான் காரணம். அக்காவிடம் இதைச் சொல்லியிருந்தால் அழுதிருப்பாள். அதனால் உறையைத் திருப்பி அனுப்பினேன்.

சின்னவனை அந்த ஊருக்கு அனுப்பியது நான். "அத்தான் இருக்கார், பார்த்துக்குவார்" என்று சொல்லி அனுப்பினேன். நீங்கள் நன்றாகவே பார்த்துக்கொண்டீர்கள். அவன் காணாமல் போன அன்று மாலை சேதி கேட்டு வந்து, உங்கள் குடில் வாசலில் நின்று நான் எவ்வளவு கெஞ்சினேன் என்று உங்கள் கயிற்றுக்காரரைக் கேளுங்கள். நீங்கள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் பனிச்சரிவு, பனிச்சரிவு என்று வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். காலையில் ஒன்பதரைக்கு அவனை மூட்டை மாதிரி இறக்கினீர்கள். நான் போய்த் தொட்டேன். மரக்கட்டை.

இப்போது இரண்டு கேள்விக்குப் பதில் எழுத மறுக்கிறீர்கள். வீட்டுக்கு எழுதாதே என்கிறீர்கள். அக்காவிடமிருந்து எதையோ மறைக்கிறீர்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. நான்கரைக்குப் புறப்பட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அதுவும் பொய்யா? இன்னும் தாமதமாகப் போனீர்களா?

பதினைந்து நாள் அவகாசம். அதற்குள் படிவம் வரவில்லை என்றால் குடிலின் அசல் நோட்டுப் புத்தகத்தை நிர்வாகம் எடுத்துவரச் சொல்லி எழுதிக் கேட்பேன். உங்கள் நாற்காலி அதற்குப் பிறகு இருக்குமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர்


நவம்பர் 25

மச்சானுக்கு,

நோட்டுப் புத்தகத்தில் நீ தேடுவது இல்லை. அதில் பொய்தான் இருக்கிறது. உண்மை எனக்கும் கயிற்றுக்காரருக்கும் மட்டும் தெரியும். அன்று வந்த மற்ற இருவர் இப்போது இல்லை.

நான்கரைக்குத்தான் புறப்பட்டோம். ஆறு நாற்பதுக்கு ஓடைப் பள்ளத்தில் ஒரு பாறை மடிப்புக்குள் சின்னவனைக் கண்டோம். பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பூட்ஸ் நனைந்து உறைந்திருந்தது. ஒரு கையுறை இல்லை.

உயிரோடு இருந்தான்.

என்னைப் பார்த்துச் சிரித்தான். "இவ்ளோ சீக்கிரம் வந்துட்டீங்களே அத்தான், இன்னும் கொஞ்ச நேரம் தூங்கியிருப்பேன்ல" என்றான். வாய் குழறியது, ஆனால் தெளிவாகக் கேட்டது. நாங்கள் நாலு பேரும் குதிக்காத குறை. கயிற்றுக்காரர் அவன் கன்னத்தைத் தட்டி, "நடுக்கமே இல்ல பாரு, தேறிட்டான்" என்றார். உன் புதுக் காகிதத்தில் ஐந்தாவது வரியைப் படித்தேன். 'நடுக்கம் நின்றுபோவது தேறியதன் அடையாளம் அல்ல, ஆபத்தின் அடையாளம்.' நாங்கள் அதற்குத்தான் சந்தோஷப்பட்டோம்.

கையையும் காலையும் பரபரவென்று தேய்த்தோம். இரண்டு வாய் டீ கொடுத்தோம். அப்புறம் இரண்டு பக்கமும் தோள் கொடுத்து எழுப்பினோம். அவன் நின்றான். நடந்தான். நான் முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே, நடை பழகும் குழந்தைக்கு எண்ணுகிற மாதிரி ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். அதனால்தான் எத்தனை அடி என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு. பதிமூன்று என்று நான் சொல்லும்போது அவன் கால் வரவில்லை. முட்டி மடங்கி உட்கார்ந்தான். கண் திறந்தே இருந்தது. மணி ஏழு ஐந்து.

நெஞ்சை அமுக்கினோம், இருபது நிமிஷம். உடம்பு பனிக்கட்டியாக இருந்தது, துடிப்பு இல்லை, செத்துவிட்டான் என்று விட்டுவிட்டோம். நீ இப்போது மணிக்கணக்கில் அமுக்கு, நிறுத்தாதே, சூடேற்றிப் பார்க்கும்வரை யாரையும் செத்தவன் என்று சொல்லாதே என்று எழுதியிருக்கிறாய். சரி.

அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். ஏன் செத்தான் என்று எங்களுக்குப் புரியவில்லை. டீயா? தேய்த்ததா? நான் எண்ணினதா? கீழே ரோட்டில் நீ நின்றுகொண்டிருந்தாய். நான் வாய் திறப்பதற்குள் என் சட்டையைப் பிடித்து, "சாயங்காலமே போயிருந்தா உயிரோட கிடைச்சிருப்பான்டா!" என்று கத்தினாய். 'உயிரோடுதான் கிடைத்தான்' என்ற வார்த்தை அப்போது என் வாயில் இருந்தது. விழுங்கிவிட்டேன். தாமதமாகப் போனவன் என்று நீ சொன்ன குற்றம், என் கையில் செத்தான் என்பதைவிடச் சின்னதாகத் தெரிந்தது. அதை எடுத்துக்கொண்டேன். நோட்டில் 'இறந்த நிலையில்' என்று எழுதினேன். உன் அக்காவிடமும் அதையே சொன்னேன். தன் தம்பி நான் எண்ண எண்ண நடந்து செத்தான் என்று தெரிந்தால் அவள் என்னோடு இருந்திருப்பாளா? கோழைத்தனம்தான். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. உன்னைக் காப்பாற்ற நான் இதைச் செய்யவில்லை. உன் காகிதம் தப்பு என்று உன் புதுக் காகிதம் வரும்வரை எனக்கே தெரியாது.

ஏழாவது கேள்வியை நிரப்பியிருக்கிறேன். எட்டாவதை நிரப்பவில்லை. காகிதம் ஆள் இல்லை, பெயர் எழுது என்றாய். அதை நீயே எழுதிக்கொள்.

நிற்பதற்கு முன்னால் சின்னவன் இன்னொன்று சொன்னான். படிவத்தில் அதற்குக் கேள்வி இல்லை. அதனால் எழுதவில்லை.

அத்தான்


டிசம்பர் 14

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை மருத்துவமனையின் பின்பக்கப் படிக்கட்டில் நின்று படித்தேன். கடைசிப் பக்கத்தைப் படிக்கும்போது வார்டிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள். போனேன், ஒரு முதியவருக்கு ஊசி போட்டேன், திரும்பி வந்து அதே படியில் நின்று மிச்சத்தைப் படித்தேன்.

எட்டாவது கேள்வியை நிரப்ப எனக்கு ஒன்பது நாள் ஆனது. 'இல்லை' என்று எழுத எவ்வளவு மை செலவாகும் என்று உங்களைக் கேட்டிருந்தேன் அல்லவா, ஒரு பெயர் எழுத எவ்வளவு ஆகும் என்று தெரிந்துகொண்டேன். ஒன்பதாம் படிவத்திலும் பதினேழாம் படிவத்திலும், அந்த ஐந்து பேரின் படிவங்களிலும் என் பெயரை எழுதினேன். பதவியையும் எழுதினேன். தேதி போட்டேன்.

பத்தாம் தேதி கூட்டத்தில் சத்தமாக வாசித்தேன். நிர்வாகக் குழுவின் தலைவர் அம்மா நல்லவர், குறுக்கிட்டு, "அந்த எட்டாவது கேள்வியை அறிக்கையிலிருந்து எடுத்துடலாமே டாக்டர், யாரு கேக்கப்போறா?" என்றார். நான் கேட்கிறேன் என்றேன். பேசிச் சிரித்தவன் பன்னிரண்டு அடி நடந்து செத்தான், நடக்கச் சொன்னவன் நான் என்று சொன்னபோது, அதுவரை டீக் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்தினார்கள். கேட்ட மூன்றும் கிடைத்தன. போர்வைகளும் தெர்மாமீட்டரும் ஜனவரி முதல் வாரம் உங்கள் குடிலுக்கு வரும். இனி வழியில் எந்த ஆஸ்பத்திரியிலும் நிற்க வேண்டாம், நேராக இங்கே வாருங்கள். சின்னவன் இல்லாமல் இது நடந்திருக்காது. அவனுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

இதற்காக நாம் கட்டிப்பிடித்து அழப்போவதில்லை. உங்களை நான் மன்னிக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள். பதினான்கு வருடத்துக்கு முன்னால் அந்த ரோட்டில் 'உயிரோடுதான் கிடைத்தான்' என்ற இரண்டே வார்த்தையைச் சொல்லியிருந்தால், உங்களை அடித்திருப்பேன். அடித்த பிறகு யோசித்திருப்பேன். பேசிக்கொண்டிருந்தவன் பன்னிரண்டாவது அடியில் ஏன் செத்தான் என்று தேடியிருப்பேன். என் வேலையே அதுதான். உங்கள் கதவிலிருந்த காகிதம் அந்த வருடமே மாறியிருக்கும். அதற்கு ஆறு வருடம் கழித்து அந்த ஆசிரியையை யாரும் நடக்க வைத்திருக்க மாட்டார்கள். சின்னவனைக் கொன்றது என் மூன்றாவது வரி. ஆசிரியையைக் கொன்றது என் வரியும் உங்கள் மௌனமும் சேர்ந்து. இதில் உங்கள் பாதியை என் தலையில் ஏற்றிக்கொள்ள மாட்டேன். என் பாதியே போதும்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அன்று ஒன்பதரைக்கு நான் அவன் கழுத்தில் பத்து விநாடிதான் விரல் வைத்தேன். புதிய காகிதத்தில் முழுதாக ஒரு நிமிடம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அந்த வரியை எழுதும்போதெல்லாம் எனக்கு விரல் நுனி குளிரும். அது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அல்ல, எங்காவது எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

தாமதமாகப் போனீர்கள் என்று பதினான்கு வருடமாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். நீங்கள் நேரத்துக்குத்தான் போனீர்கள். இதை எழுத வருகிறது. நேரில் சொல்ல வராது, எதிர்பார்க்க வேண்டாம்.

அக்காவிடம் நீங்கள் சொல்கிறீர்களா, நான் எழுதட்டுமா?

பழைய காகிதத்தைக் கிழிக்க வேண்டாம். எனக்கு அனுப்புங்கள்.

ஒன்பதாம் படிவத்தின் பிரதியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அடியில் என் கையால் இருபதாவது கேள்வி ஒன்று சேர்த்திருக்கிறேன். அவன் என்ன சொன்னான்?

உங்கள் மைத்துனன்


ஜனவரி 27

மச்சானுக்கு,

இத்துடன் இருபத்து மூன்றாம் படிவம். உனக்குத் தெரிந்ததுதான், நீதான் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றாய். ஆனாலும் மேலே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

மின்கம்பி பழுது பார்க்கிற அம்மாள். கம்பம் ஏறிய இடத்தில் பனி இடிந்து பள்ளத்தில் விழுந்து ஐந்து மணி நேரம் கிடந்தார். நாங்கள் போனபோது பேசினார். நடுக்கம் இல்லை. உன் தெர்மாமீட்டர் இருபத்தாறு காட்டியது. பழையதாக இருந்தால் முப்பத்து நான்கு என்று காட்டி எங்களை ஏமாற்றியிருக்கும். சட்டையை வெட்டினோம், போர்வையில் சுற்றினோம், தேய்க்கவில்லை, பலகையில் படுத்தபடி தூக்கினோம். அந்த அம்மாள் திட்டின திட்டு இருக்கிறதே, எங்கள் குழுவில் யாருக்கும் அப்படி வராது. "எனக்குக் காலு இருக்குடா, இறக்கி விடுங்கடா, பொணம் மாதிரி தூக்கிட்டுப் போறீங்களே, ஒரு மணி நேரத்துல ரோட்டுக்கு நடந்துடுவேன், உங்களை எல்லாம் ரிப்போர்ட் பண்றேன்" என்று ஆரம்பித்து எங்கள் ஏழு தலைமுறையையும் இழுத்தார். கயிற்றுக்காரர், "அம்மா, கதவுல ஒட்டியிருக்கு, நடக்கவிடக் கூடாதுன்னு" என்றார். "உங்க கதவைக் கொளுத்த!" என்றார் அவர். நாலு மணி நேரம் திட்டிக்கொண்டே வந்தார். நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டே வந்தேன். திட்டு நிற்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே வந்தேன்.

வண்டியில் ஏற்றும்போது திட்டு நின்றது. முழு நிமிஷம் பார்த்தேன். துடிப்பு இல்லை. ஆள் மாற்றி ஆள் அமுக்கினோம், இரண்டு மணி ஐம்பது நிமிஷம். வழியில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியின் வாசல் விளக்கு கண்ணில் பட்டது. டிரைவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். "நேரா போடா" என்றேன்.

மிச்சம் உனக்குத் தெரியும். போன வாரம் நானும் கயிற்றுக்காரரும் போய்ப் பார்த்தோம். வார்டில் நடந்துகொண்டிருந்தார். எங்களை அடையாளம் தெரியவில்லை. அமுக்கினதில் மூன்று விலா எலும்பு உடைந்திருக்கிறது, யார் செய்த வேலை என்று எங்களிடமே குறைப்பட்டுக்கொண்டார்.

அந்த அம்மாளைக் கொண்டுவந்த அன்று வராண்டாவில் நீ என்னைப் பார்த்தாய். நானும் பார்த்தேன். நீ கையைத் துடைத்துக்கொண்டே திரும்பிப் போனாய். நானும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. அது சரிதான். எழுந்திருந்தாலும் என்ன பேசியிருப்போம்.

உன் அக்காவிடம் சொல்லிவிட்டேன். இருபது நாளாக என்னோடு பேசவில்லை. சாப்பாடு எடுத்து வைக்கிறாள், அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். உன் கையெழுத்துப் போட்ட காகிதத்தையும் காட்டினேன். வாங்கி வைத்துக்கொண்டாள். அதனால் அதை உனக்கு அனுப்ப முடியாது. உனக்கும் எழுதமாட்டாள். நீ அவளுக்கு எழுதாதே. ஆசிரியையைப் பற்றி நீ எழுதினது நியாயம். என் பாதி என்னிடமே இருக்கட்டும். உன் பாதியை நீ சுமந்துகொள். அதற்கு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டியதில்லை. மார்ச்சோடு நாற்காலியை விடுகிறேன். கயிற்றுக்காரர் தலைவராவார். இனி படிவம் அவர் அனுப்புவார்.

இருபதாவது கேள்விக்குப் பதில். வேண்டாம் என்று நினைத்தால் இத்தோடு மடித்து வைத்துவிடு. ஆனால் நீ மடிக்கமாட்டாய், எனக்குத் தெரியும்.

நடக்கிறேன் என்று கத்தின அம்மாளை நாங்கள் நடக்கவிடவில்லை. சின்னவன் நடக்கிறேன் என்று சொல்லவே இல்லை. "முடியல அத்தான், இப்படியே படுத்துக்கிறேன், தூக்கிட்டுப் போயிடுங்க" என்றான். மூன்று தடவை சொன்னான். நான்தான் "டேய், உங்க அண்ணன் எழுதிக் குடுத்திருக்கான்டா, நடந்தே ஆகணும்னு" என்றேன்.

அதற்கு அவன் சிரித்தான். "அண்ணன் சொல்லிட்டானா? அப்ப சரி, எழுப்பி விடுங்க" என்று இரண்டு கையையும் நீட்டினான்.

அத்தான்